அறிவித்தலில் இல்லாத மருமகன்

ஆசை அப்பா,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்டைத் திவசம். வழக்கப்படி என்றால் பட்டுச் சால்வையோடு இருக்கும் உங்கள் படத்தைப் போட்டு, யாரோ எப்போதோ எழுதிவைத்த நாலு துயர வரிகளைப் போட்டு, கீழே 'மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்' என்று முடித்திருப்பேன். அச்சடிக்கிறவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். "அண்ணை, போன முறை போட்டது அப்பிடியே கிடக்கு. படத்தை மட்டும் மாத்தி அனுப்புங்கோ" என்றார். போன முறை போட்டதில்தான் பிழை என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு இதை எழுதத் தொடங்கினேன்.

இது பாரிசில், ரூ காய் தெருவில், நம் கடைக் கண்ணாடிக் கதவில் ஒட்டப்படும். மரண அறிவித்தல்கள் ஒட்டுகிற அதே இடத்தில். அரிசி வாங்க வருகிறவர்கள் நின்று வாசிக்கட்டும். வாசித்துவிட்டு அரிசி வாங்காமல் போகிறவர்கள் போகட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி, புதினம் சொல்கிறேன். புதினம் இல்லாமல் உங்களுக்குத் தேத்தண்ணியே இறங்காது. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, ஆனால் வைத்தியரிடம் 'சா வா, சா வா', சுகம்தான் என்று பிரெஞ்சில் சிரித்துவிட்டு வந்து என்னிடம்தான் முனகுகிறா. கடைக்கு முன்னால் இருந்த கஃபே கைமாறி, இப்போது அங்கே கைத்தொலைபேசிக் கண்ணாடி மாற்றுகிறார்கள். முருங்கைக்காய் வந்த பெட்டி விமான நிலையத்தில் நின்று வாடியதற்கு நான் போட்ட சத்தத்தில், பக்கத்துச் சேலைக் கடைக்காரர் உங்கள் ஆவி வந்துவிட்டது என்று பயந்துபோனார். இந்த வருடக் கோயில் தேருக்கும் நல்ல சனம். நம் கடை வாசலிலும் தேங்காய் குவித்தோம். உடைத்தது நான்தான், உங்களைப் போல ஒரே அடியில் உடைக்க எனக்கு வரவில்லை.

இன்னொரு புதினம். அடுத்த மேரி, அதாவது நகரசபைத் தேர்தலில் நிற்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். பட்டியலுக்குத் தலைமை தாங்குகிற அந்த உயரமான பெண்ணை உங்களுக்குத் தெரியும், நீங்கள் இருந்த நகரசபையில் பள்ளிக்கூடப் பொறுப்பைப் பார்த்தவர். "உங்கள் அப்பாவின் இடம் காலியாக இருக்கிறது" என்று சொன்னார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்ததும் உண்மை. இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் தீவில் ஒரு புகையிலைத் தோட்டக்காரரின் பிள்ளை. பாரிசுக்கு வந்தபோது நம் கடை இருக்கிற இந்த லாச்சப்பலில் தமிழ் எழுத்தில் ஒரு பலகை கிடையாது. ஒரு உணவகத்தின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவினீர்கள். கை வெள்ளையாய் ஊறிப்போய் இருக்கும் என்று அம்மா சொல்லுவா. அங்கே கூட வேலை செய்த பெடியள் ஒரு அறையில் பாய் விரிக்க இடமில்லாமல் கிடந்து, ஊர்த் தூளில் ஒரு குழம்பு கிடைக்காதா என்று ஏங்குவதைப் பார்த்துத்தான் உங்களுக்கு வியாபாரம் தோன்றியது.

வாடகை வீட்டு அடுப்பில் நீங்களே மிளகாய் வறுத்தீர்கள். கட்டிடம் முழுக்க இருமி, பொம்பியே வந்து கதவைத் தட்டினார்கள். தீயணைப்புக்காரருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பிய ஒரே மனிதர் நீங்களாகத்தான் இருக்கும். பிறகு ஒரு பழைய வான் வண்டியில் தூளும் அப்பளமும் ஏற்றிக்கொண்டு புறநகர் புறநகராகப் போனீர்கள். பிறகு கடை. "நாங்கள் காடு வெட்டின ஆக்கள். நீங்கள் வெட்டின காட்டிலை கதிரை போட்டு இருக்கிறியள்" என்று எனக்குச் சொல்லாத நாள் இல்லை.

அரசியலுக்கும் நீங்கள் கடை வழியாகத்தான் போனீர்கள். வதிவிட அட்டைக்கு அலைகிறவர்கள் எல்லாரும் கடைக்கு வருவார்கள். நீங்கள் கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு அவர்களோடு பிரெபெக்சர் அலுவலகத்துக்குப் போய் விடிகாலை வரிசையில் நிற்பீர்கள். உங்கள் பிரெஞ்சு அப்போது அரைகுறை, ஆனால் அலுவலர்கள் உங்களைக் கண்டால் கதிரை காட்டுவார்கள். குடியுரிமை எடுத்தீர்கள், பட்டியலில் நின்றீர்கள், வென்றீர்கள். ஒரு கூட்டத்தில் யாரோ 'தமிழரின் பிரதிநிதி' என்று உங்களைப் புகழ, "நான் குப்பை லொறிக்கும் பிரதிநிதி, அது உங்கடை தெருவுக்கு ஒழுங்கா வருகுதோ?" என்று கேட்டீர்கள். பிறகு துணை மேயர்களில் ஒருவராகி, மூவர்ணப் பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேரியில் கலியாணங்களைப் பதிவு செய்து வைத்தீர்கள். அல்ஜீரியர், மாலிக்காரர், போர்த்துக்கீசர், சீனர், தமிழர் என்று எத்தனை சோடிகள். சனிக்கிழமை மேரியில் இருந்து வந்து பட்டியை மடித்து வைத்துவிட்டு, இன்றைக்கு ஒரு வியட்நாம் பெட்டையை ஒரு பிரெட்டன் பெடியனுக்குக் கட்டிவைத்தேன் என்று பெருமையாகச் சொல்லுவீர்கள். "இந்த நாட்டிலை ஆரும் ஆரையும் கட்டலாம்" என்பீர்கள்.

அப்படிச் சொன்ன வீட்டில்தான் என் தங்கச்சி வதனி சேந்தனைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றாள்.

சேந்தன் பஸ் ஓட்டுகிறவன். யுத்தம் முடிந்த பிறகு முல்லைத்தீவில் இருந்து வந்தவன். என் தங்கச்சியைப் போலவே சிரிப்பதற்கு முன் தலையைக் குனிகிறவன். நல்ல வேலை, நல்ல பெயர், குடி வெறி இல்லை. நம் வீட்டில் அதையெல்லாம் கேட்டவர் யார்? சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி. "அவை ஆர் ஆக்கள்?" பிரெபெக்சரில் எந்த அலுவலரும் கேட்காத கேள்வி அது. சாதியைத்தான் கேட்டார். நாங்கள் வாயால் சொல்லாமல் ஊரின் பெயரையும் தகப்பனின் பெயரையும் கேட்டு அளக்கிற அந்தச் சாமானை நான் இங்கே எழுத்தில் எழுதிவிடுகிறேன். எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

நீங்கள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் எதிர்த்துக் கதைத்திருப்பேனோ என்னவோ. சாப்பாட்டுக் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு, "என்ரை வாயாலை ஓம் எண்டு சொல்லமாட்டன்" என்றீர்கள். பிறகு அந்த வீட்டில் அந்தக் கதையே இல்லை. வதனி தன் உடுப்புப் பெட்டியோடு போனாள். அவள் கலியாணம் பதிந்த சனிக்கிழமை நாங்கள் ஒருவரும் போகவில்லை. அம்மா குசினிக்குள் வெங்காயம் உரித்தா, தேவையில்லாத அளவுக்கு உரித்தா. நான் கடையைத் திறந்தேன். நீங்கள் மேரியில் வேலை இருக்கிறது என்று கோட் போட்டுக்கொண்டு போனீர்கள். அன்றைக்குக்கூட இந்த மனிதருக்கு மேரி கேட்கிறது என்று நான் மனதுக்குள் உங்களைத் திட்டினேன்.

அதன் பிறகு வதனி அம்மாவைப் பார்க்க வருவாள், நீங்கள் கடையில் நிற்கிற நேரமாகப் பார்த்து. சேந்தன் கீழே காரில் இருப்பான். இனியா பிறந்தாள், ஆரன் பிறந்தான். அம்மா கீரைக்கறியும் பொரியலும் பெட்டியில் போட்டுக் கொடுத்து விடுவா. பெட்டி கழுவித் திரும்பி வரும். நம் குடும்பம் நல்லபடியாகத்தான் நடக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு நீங்கள் ஆசுப்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவில்லை.

அப்பா, செத்தவீடு என்றால் அழ நேரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கே? மண்டபம் பிடிக்க வேண்டும், ஐயருக்குச் சொல்ல வேண்டும், எல்லாவற்றுக்கும் முதல் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அறிவித்தல் வராவிட்டால் நம் ஆட்களுக்கு ஒருவர் இறக்கவே இல்லை. எங்கே பிறந்தார், எங்கே வதிந்தார், யாரின் மகன், யாரின் கணவர், யாருக்கு மாமனார் என்று வரிசையாக வரவேண்டும். மருமகன் என்று போட்டால் அவன் எந்த ஊர், யாரின் மகன் என்றும் போட வேண்டும். அதுதான் முறை.

சித்தப்பா என்னைக் கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அவர் அழுதுதான் இருந்தார், அதைச் சொல்ல வேண்டும். உங்கள் தம்பி உங்களில் உயிர். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது இது:

"தம்பி, என்ரை பெட்டைக்கு இப்பதான் லண்டனிலை பேசிக்கொண்டிருக்கு. அவை முதல் எடுத்துப் பாக்கிறது அறிவித்தலைத்தான். மருமேன் ஆர், எந்த ஊர், தாய் தேப்பன் ஆர் எண்டு நூல் பிடிச்சுக்கொண்டு போவினம். உனக்கும் இஞ்சை ஒரு பேர் வேணும். நாளைக்கு அண்ணையின்ரை இடத்துக்கு உன்னைத்தான் கேப்பினம். யோசிச்சுச் செய்."

யோசித்தேன். பொய் சொல்லமாட்டேன், அதிக நேரம் யோசிக்கவில்லை. அறிவித்தல் எடுக்கிறவர் தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். மகன்? சொன்னேன். மகள்? சொன்னேன். மருமகள்? என் மனைவியின் பெயரையும் மாமா மாமியின் ஊரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். "மருமகன்?" என்றார். "அது போடத் தேவையில்லை" என்றேன். பேரப்பிள்ளைகள் என்று கேட்டபோது என் பிள்ளைகளின் பெயரை மட்டும் சொன்னேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. இப்படி எத்தனை பேரின் குரலை அவர் கேட்டிருப்பாரோ.

நீங்கள் ஓம் சொல்லாத ஒருவனின் பெயரை நான் எப்படிப் போடுவது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அப்பாவின் விருப்பப்படிதான் நடந்தேன் என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. செத்தவர் திரும்பி வந்து மறுக்கமாட்டார்தானே.

வதனி அதைக் கண்ணாடிக் கதவில்தான் முதலில் பார்த்தாள். பிள்ளைகளோடு கடைக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இனியா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவள். தாத்தாவின் படத்தைக் கண்டதும் விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசிக்கத் தொடங்கினாள். நான் உள்ளே நின்று கண்ணாடியூடாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் பேரப்பிள்ளைகள் என்ற இடத்துக்கு வந்தது, என் பிள்ளைகளின் பெயரைத் தாண்டியது, காகிதத்தின் அடிவரைக்கும் போனது. பிறகு தாயைத் திரும்பிப் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டாள், அப்போ நாங்கள் யார் என்று. வதனி அவள் விரலைக் கண்ணாடியில் இருந்து எடுத்தாள். உள்ளே வராமலே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெத்ரோப் பக்கம் நடந்தாள்.

அவள் பெயர் அந்த அறிவித்தலில் தனியாக நின்றது, அப்பா. கலியாணமே ஆகாதவளைப் போல.

எரியூட்டும் மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. மேயர் வந்து பேசினார். உங்கள் பட்டியைப் பெட்டியின் மேல் வைத்திருந்தார்கள். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்க வேண்டும் என்று ஐயர் கூப்பிட, மண்டபக்காரர் நெருப்புக் கூடாது என்றதால், என் பிள்ளைகள் கொளுத்தாத பந்தத்தைப் பிடித்துக்கொண்டு உங்களைச் சுற்றினார்கள். "வேறை பேரப்பிள்ளையள்?" என்று ஐயர் சுற்றிப் பார்த்தார். சித்தப்பா "அவ்வளவுதான்" என்றார். நான் தலையைக் குனிந்து தர்ப்பையைச் சரிசெய்தேன். பின்வரிசையில் சேந்தன் ஆரனைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். இனியாவின் பக்கம் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அன்றோடு வதனி என் போனை எடுப்பதை நிறுத்தினாள். அம்மாவோடு மட்டும் கதைப்பாள். வீட்டுப் படி ஏறவில்லை. இந்த ஒரு வருடத்தில் அம்மாவின் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றும் போகவில்லை, ஒன்றும் வரவில்லை. திவசம் நெருங்க நெருங்க அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டா. "அவரின்ரை படையலுக்கு என்ரை ரண்டு பிள்ளையளும் இருக்கவேணும். ஒண்டை வைச்சுக்கொண்டு நான் சாதம் போடமாட்டன்." முழங்கால் வலிக்கு முனகுகிற குரல் இல்லை அது.

ஆகவே போன ஞாயிறு நான் வதனி இருக்கிற ஸ்தேன் புறநகருக்குப் போனேன். கையில் பழக்கூடை. நம் கடையில் இருந்துதான் எடுத்துக்கொண்டு போனேன், மாம்பழம் வேறு. எத்தனை பெரிய கூடை கொண்டுபோனால் ஒரு பெயர் சரியாகும் என்று நினைத்தேனோ தெரியவில்லை. வதனி கதவைத் திறந்து கூடையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வாங்கோ" என்றாள். தங்கச்சி என்னை 'நீ' என்றுதான் சொல்லுவாள், அப்பா. வேற்றாளுக்குச் சொல்கிற 'வாங்கோ' அது.

இருந்தேன். தேத்தண்ணி தந்தாள். பிழை என்று சொன்னேன். அப்பா ஓம் சொல்லாதபடியால்தான் நானும் போடவில்லை என்றும் சொன்னேன். அதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"அப்பா எங்கடை கலியாணத்துக்கு வந்தவர்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"வந்தவர். அப்பாவா வரேல்லை. மேரியா வந்தவர். மண்டபத்துக்குள்ளை போய்ப் பாத்தால் பட்டியைப் போட்டுக்கொண்டு மேசைக்கு அங்காலை நிக்கிறார். அண்டைக்கு வேறை ஒராள்தான் செய்யிறதாம், இவர் கேட்டு மாத்திக்கொண்டு வந்திருக்கிறார். என்னை மகள் எண்டில்லை, மத்மசேல் எண்டு கூப்பிட்டவர். சேந்தனை மிசியே எண்டு கூப்பிட்டவர். சட்டம் முழுக்க வாசிச்சவர். சேந்தன்ரை அப்பாவின்ரை பேர், அம்மாவின்ரை பேர், பிறந்த இடம், எல்லாம் சத்தமா, ஒரு எழுத்துப் பிழையில்லாமல் வாசிச்சவர். கலியாணம் பதிஞ்ச குடும்பப் புத்தகத்தை என்ரை கையிலை தந்தவர். படம் எடுக்க நிண்டால் போயிட்டார். வெளியிலை வந்து பாத்தன், ஆளைக் காணேல்லை."

வீட்டில் ஓம் சொல்லமாட்டேன் என்றவர் மேரியில் அவர்கள் இருவரிடமும் ஓமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் ஓம் சொல்ல, சட்டத்தின் பேரால் கட்டிவைத்திருக்கிறீர்கள். பிறகு வீட்டுக்கு வந்து பட்டியை மடித்து வைத்துவிட்டு, அம்மா உரித்த வெங்காயத்தில் வைத்த குழம்போடு சாப்பிட்டீர்கள். அன்றைக்கு யாரை யாருக்குக் கட்டிவைத்தேன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஏன் அப்பா சொல்லவில்லை? அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாமே. எனக்கு உங்கள் மேல் வந்த கோபத்தை நான் மறைக்கப்போவதில்லை. ஊருக்குள் ஒரு பிள்ளையை ஒளித்து வைத்துவிட்டு, சட்டத்துக்குள் மட்டும் அவளை ஏற்றுக்கொண்ட மனிதரை நான் என்னவென்று சொல்வது? உங்களுக்கும் வாக்குப் பயம் இருந்ததா? சித்தப்பா பயமா? காடு வெட்டத் தெரிந்தவருக்கு இந்த ஒரு வேலியை வெட்ட ஏன் கை வரவில்லை? சேந்தன் ஓட்டுகிற பஸ்ஸில் நீங்கள் சில நாட்களில் ஏறி, முன் இருக்கையில் இருந்து, கடைசித் தரிப்பில் நன்றிக்கு 'மெர்சி' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குவீர்கள் என்றும் வதனி சொன்னாள். வேறு ஒரு சொல்லும் இல்லையாம். அவனும் 'ஐயா' என்பதற்கு மேல் போகவில்லையாம்.

அந்தக் கோபம் ரயிலில் திரும்பி வரும் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. நீங்கள் கோழைத்தனமாகவாவது போய் நின்றீர்கள். நான் அதுவும் செய்யவில்லை. நீங்கள் சத்தமாக வாசித்த பெயர்களை நான் காகிதத்தில் இருந்து எடுத்தேன். உங்கள் விருப்பம் என்று நான் சொல்லிக்கொண்டது என் விருப்பம்தான், என் கடை, என் தேர்தல், சித்தப்பாவோடு என் சமாதானம். உங்கள் பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு நான் எனக்குப் பெயர் தேடியிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன் திவசத்துக்கு வா என்று வதனியைக் கேட்டேன். அவள் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. உங்கள் மகள்தான்.

"அண்ணை, இந்த வீட்டுக்குள்ளை வந்து கதைக்கிறது லேசு" என்றாள். "நீ கண்ணாடியிலை ஒட்டினனீ. ஊர் முழுக்க வாசிச்சது. கேக்கிறதெண்டால் அங்கைதான் கேக்கவேணும். ஒட்டு. பிறகு பாப்பம்."

'நீ' என்று சொல்லிவிட்டாள். அதற்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சேந்தன் ஆரனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். நான் கிளம்ப, ஸ்டேசன் வரைக்கும் வாறன் என்று கூடவே வந்தான். வழியில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவன் கையால் வேண்டாம் என்று காட்டினான். நடந்துகொண்டே சொன்னான்.

"அண்ணை, என்னைப் போடாதது எனக்குப் பெரிசில்லை. மருமேன் எண்டு போட்டால் இன்னாற்றை மகன் எண்டும் போடவேணும் என்ன? அதுதான். என்ரை அப்பா அம்மாக்கு அறிவித்தல் ஒண்டும் அடிக்கேல்லை. அடிக்க ஆர் இருந்தது? அந்தச் சண்டை நேரம் எங்கை அடிக்கிறது? அவையள் செத்ததெண்டு ஒரு கடதாசியிலையும் இல்லை. மாமாவின்ரை அறிவித்தலிலை எண்டாலும் 'காலஞ்சென்ற' எண்டு போட்டு அவையின்ரை பேர் வரும் எண்டு நினைச்சிருந்தனான். ஒருக்கால் அச்சிலை வந்திருக்கும்."

அவன் 'மாமா' என்று சொன்னதை நீங்கள் கேட்கவில்லை, அப்பா. ஸ்டேசன் வாசலில் நின்று, "எழுதினால் எழுத்துப் பிழை வராமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லி, இரண்டு பெயரையும் என் போனில் அவனே அடித்துத் தந்தான். பிறகு வேலைக்கு நேரமாகிறது என்று திரும்பி நடந்தான்.

நான் மூன்று பெயரைத்தான் விட்டேன் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "அண்ணையின்ரை மானத்தைக் கண்ணாடியிலை ஒட்டப்போறியோ" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். திவசத்துக்கு அவர் வராமல் விடலாம், லண்டன் சம்பந்தமும் குழம்பலாம், அந்தப் பெட்டையிடம் நான் தனியாகக் கதைப்பேன். தேர்தலில் என்னை ஆர் ஆக்கள் எடுப்பார்கள், ஆர் விடுவார்கள் என்று பார்க்க எனக்கு இப்போது மனமில்லை. நின்றால் இந்தக் காகிதத்தோடுதான் நிற்பேன்.

வதனி ஞாயிற்றுக்கிழமை வருவாளா என்று எனக்குத் தெரியாது. அம்மா பெரிய சட்டியை எடுத்து வைத்திருக்கிறா.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அப்பா. அவள் வந்தாலும் வராவிட்டாலும் இது கண்ணாடியில் இருக்கும். யாராவது கிழித்தால் அடுத்த நாள் காலையில் திரும்ப ஒட்டுவேன். இனி நம் வீட்டில் வருகிற நல்லதற்கும் கெட்டதற்கும், கலியாணக் கார்டிலும் செத்தவீட்டு அறிவித்தலிலும், முழுப் பெயரும் முழு ஊரும் வரும். படையலின்போது இனியாவை உங்கள் படத்துக்கு முன்னால் நிற்பாட்டி, இந்தத் தடவை அவளையே வாசிக்கச் சொல்வேன். அவள் விரல் காகிதத்தின் அடிவரைக்கும் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகன்,
வதனியின் அண்ணன்,
இனியாவுக்கும் ஆரனுக்கும் மாமன்,
முல்லைத்தீவைச் சேர்ந்த காலஞ்சென்றவர்களான கந்தப்பு – பொன்னம்மா தம்பதிகளின் அன்பு மகன் சேந்தனின் மச்சான்,
ரகு